பச்சை விளக்கை நம்பலாமா? கன்ட்ரோலர் சார்ஜிங் டாக் பற்றி ஓர் எளிய விளக்கம்

வீடியோ கேம் கன்ட்ரோலருக்காக சார்ஜிங் டாக் வாங்கும் பலர், அதை ஒரு சார்ஜர் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான டாக்குகளில் சார்ஜ் செய்யும் வேலை டாக்கில் நடப்பதில்லை, கன்ட்ரோலருக்குள்தான் நடக்கிறது. டாக் செய்வது இரண்டே காரியங்கள். கன்ட்ரோலரைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கிறது. 5 வோல்ட் மின்சாரத்தை அதன் வாசல்வரை கொண்டுபோய்த் தருகிறது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால், கடையில் எதைப் பார்த்து வாங்குவது, எதற்குக் கவலைப்படுவது, எதற்குக் கவலையே வேண்டாம் என்பதெல்லாம் எளிதில் விளங்கிவிடும். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோருக்கும், புதிதாக விளையாடத் தொடங்குவோருக்கும் இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பேட்டரி. பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்குள் 1,560 மில்லிஆம்பியர் மணி கொள்ளளவுள்ள லித்தியம் அயான் பேட்டரி இருக்கிறது. அதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் இருந்தது 1,000. நின்டென்டோ சுவிட்சின் புரோ கன்ட்ரோலரில் 1,300. கைக்கு அடக்கமான அதன் ஜாய்-கான் கன்ட்ரோலர் ஒவ்வொன்றிலும் 525. லித்தியம் அயான் பேட்டரியை முதன்முதலில் வணிகத்துக்குக் கொண்டுவந்தது சோனி நிறுவனம், 1991-இல். அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் கையில் பிடித்திருப்பது அவ்வளவு பெரிய உழைப்பின் பலன் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வகை பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். முழுமையாக நிறைந்தபோது 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினால் பேட்டரி கெடும், சூடாகும், ஆபத்தும் உண்டு. அதனால் டாக்கிலிருந்து வரும் 5 வோல்ட்டை அப்படியே பேட்டரிக்குள் விடுவதில்லை. கன்ட்ரோலருக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லு (சிப்) அதை வாங்கிக் கட்டுப்படுத்தி ஏற்றுகிறது. குழாயடியில் குடம் நிரப்புபவர் முதலில் குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, கழுத்தளவு வந்ததும் குறைத்து, விளிம்பில் மூடிவிடுவார் அல்லவா, அந்தச் சில்லும் அப்படித்தான் செய்கிறது. தொடக்கத்தில் ஒரே அளவு மின்னோட்டம் வேகமாகப் பாய்கிறது, 4.2 வோல்ட்டை நெருங்கியதும் மின்னோட்டம் படிப்படியாகக் குறைகிறது, நிறைந்ததும் நின்றுவிடுகிறது. முதல் பாதி சீக்கிரம் ஏறி, கடைசிப் பகுதி மட்டும் இழுத்தடிப்பதற்குக் காரணம் இதுதான். டாக்கில் எந்தக் கோளாறும் இல்லை.

ஆகவே, “இரவெல்லாம் டாக்கிலேயே இருந்தால் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறிவிடுமே” என்ற பயம் தேவையற்றது. நிறுத்த வேண்டிய இடத்தில் சில்லு நிறுத்திவிடும்.

டாக்கும் கன்ட்ரோலரும் எங்கே தொட்டுக்கொள்கின்றன?

டாக்கின் தரம் தெரியும் இடம் இதுதான். டூயல்சென்ஸின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். ஹெட்போன் செருகும் துளையின் இரு பக்கமும் சிறிய உலோகத் தகடுகள் தெரியும். சோனியின் சொந்த டாக் இவற்றைத்தான் தொடுகிறது. கன்ட்ரோலரை வைத்து அழுத்தினால் ‘கிளிக்’ என்று உட்காரும். வேறு நிறுவனங்களின் டாக்குகள் சில இதே வழியைப் பின்பற்றுகின்றன. மற்றவை ஒரு குட்டி அடாப்டரைத் தருகின்றன. அதைக் கன்ட்ரோலரின் யுஎஸ்பி-சி துளையில் நிரந்தரமாகச் செருகி வைத்துவிட வேண்டும். அடாப்டரின் வெளிப்பக்கத்தில் இருக்கும் உலோகப் புள்ளிகள் டாக்கைத் தொடும். இரண்டுமே வேலை செய்யும். எனக்கு முதல் வகையே பிடிக்கும். தொலைந்துபோக எதுவும் இல்லை. குட்டி அடாப்டர் ஒன்று தொலைந்தால் அந்தப் பக்கத்து இருக்கை பயனற்றுப்போகும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது சோபாவுக்கு அடியில் போய்ச் சேர அதிக நாள் ஆகாது.

தொட்டால் போதும் என்ற இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: தொடாவிட்டால் ஒன்றுமே நடக்காது. சென்ற தீபாவளிக்குச் சிங்கப்பூரின் தெம்பனிஸில் இருக்கும் அக்கா வீட்டில் உறவுக்காரப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். பந்தயக் கார் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அக்கா மகன் ஒரு கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு வந்து, “மாமா, ராத்திரி முழுக்க டாக்கில்தான் இருந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது” என்றான். அதை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அரிசியளவு இருந்த அந்த உலோகத் தகட்டின் மேல் மாவும் எண்ணெயும் கலந்து மெல்லிய படலமாகக் காய்ந்திருந்தது. முறுக்குத் தட்டிலிருந்து நேராகக் கன்ட்ரோலருக்குப் போன விரல்களின் வேலை. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஆல்கஹால் துடைப்பான் ஒன்றைப் பிரித்து இரு தகடுகளையும், டாக்கில் அவற்றைத் தொடும் முனைகளையும் துடைத்தோம். துடைப்பானில் கறுப்பாகக் கோடு விழுந்தது. காயவிட்டு மறுபடி வைத்ததும் பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. கன்ட்ரோலரின் ஒளிப்பட்டை ஆரஞ்சு நிறத்தில் மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது.

அந்தப் பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. விளக்குள்ள டாக்குகள் பலவற்றுக்கு பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. தன் வழியாக மின்னோட்டம் போகிறதா என்பதை மட்டுமே அவை அளக்கின்றன. போனால் சிவப்பு, போகாவிட்டால் பச்சை. கன்ட்ரோலர் நிறைந்து சில்லு நிறுத்திவிட்டாலும் மின்னோட்டம் போகாது. கன்ட்ரோலர் சரியாக உட்காராவிட்டாலும் போகாது. இரண்டுக்கும் ஒரே பச்சைதான். எனவே டாக்கின் விளக்கைவிடக் கன்ட்ரோலரின் விளக்கை நம்புங்கள். டூயல்சென்ஸை வைத்ததும் ஆரஞ்சு ஒளி துடிக்கிறதா என்று பார்க்க இரண்டு வினாடி போதும். பார்த்துவிட்டு நகருங்கள்.

தடித்த சிலிகோன் உறை போட்ட கன்ட்ரோலர்களுக்கும் இதே சிக்கல் வரும். உறையின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடுத்தாலே தகடு முனையைத் தொடாது. வாங்கும் முன் உறையோடு வைத்துப் பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் உறையைக் கழற்றி வைக்கும் பழக்கம் வேண்டும்.

மின்சாரம் போதுமான அளவு வருகிறதா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். டூயல்சென்ஸ் பேட்டரி 1,560 மில்லிஆம்பியர் மணி, 3.65 வோல்ட். பெருக்கினால் ஏறத்தாழ 5.7 வாட் மணி. பழைய வகை யுஎஸ்பி துளை தரக்கூடியது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். வகுத்துப் பார்த்தால் இரண்டேகால் மணி நேரம் வரும். கடைசிப் பகுதியின் மெதுவான ஏற்றத்தையும் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். சோனி தன் டாக்குக்குச் சொல்லும் நேரமும் ஏறத்தாழ அதுதான்.

இப்போது இரண்டு கன்ட்ரோலர் வைக்கும் டாக்கை டிவியின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி துளையில் செருகுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதே 500 மில்லிஆம்பியரை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரம் ஆறாகிவிடும். போதாக்குறைக்கு, பல டிவிகளில் டிவியை அணைத்ததும் அந்தத் துளைக்கு மின்சாரம் நின்றுவிடும். எல்லோரும் படுக்கப் போன பிறகுதான் சார்ஜ் ஏற வேண்டும். அந்த நேரத்தில்தான் அது ஓய்கிறது. இரு கன்ட்ரோலர் டாக்குக்குச் சுவரில் செருகும் 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுவதே நல்லது. ஆம்பியர் கூடுதலாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். அடாப்டர் ஆம்பியரைத் திணிப்பதில்லை; கன்ட்ரோலர் கேட்கும் அளவைத்தான் தருகிறது. வோல்ட் மட்டும் பொருந்த வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில டாக்குகள் யுஎஸ்பி கம்பியில் இயங்காமல், வட்ட வாய் கொண்ட தனி அடாப்டருடன் வரும். வைஃபை ரவுட்டரின் அடாப்டருக்கும் வட்ட வாய்தான். ஆனால் அது பெரும்பாலும் 12 வோல்ட். தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால் எல்லாக் கம்பியும் கறுப்பாகச் சுருண்டு கிடக்கும்போது மாறிப்போவதற்கு வாய்ப்பு அதிகம். அடாப்டர் ஒவ்வொன்றிலும் எந்தச் சாதனத்துக்கு உரியது என்று ஒரு சிறு காகிதத் துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. டாக்கில் யுஎஸ்பி-சி துளை இருக்கிறது. வீட்டில் நல்ல யுஎஸ்பி-சி அடாப்டரும், இரு முனையும் சி வகையான கம்பியும் இருக்கின்றன. செருகினால் டாக் உயிர் பெறவில்லை. கடைக்காரரைத் திட்டிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போகிறோம். காரணம் மிகச் சிறியது. சி வகை அடாப்டர், எதிர்ப்புறம் 5.1 கிலோஓம் மின்தடை ஒன்று இருப்பதை உணர்ந்த பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும். மலிவான டாக்குகள் சிலவற்றில் அந்த மின்தடையைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய தட்டையான ஏ வகையாகவும் மறுமுனை சி வகையாகவும் உள்ள கம்பியைப் பயன்படுத்தினால் டாக் ஓடத் தொடங்கிவிடும். டாக்கோடு பெட்டியில் வந்த கம்பியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்ன விதி எக்ஸ்பாக்ஸில் தலைகீழாகிறது. 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் முதல் 2020-இல் வந்த சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் வரை, வழக்கமான கன்ட்ரோலர் இரண்டு ஏஏ பேட்டரிகளில் ஓடுவது. அவற்றை கன்ட்ரோலரே சார்ஜ் செய்யாது. ரீசார்ஜ் செய்யத்தக்க ஏஏ பேட்டரியைப் போட்டு யுஎஸ்பி கம்பியைச் செருகினாலும் கன்ட்ரோலர் கம்பி மின்சாரத்தில் ஓடுமே தவிர, பேட்டரி ஏறாது. இதை அறியாமல் பலர் நாள்கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறார்கள்.

எக்ஸ்பாக்ஸ் டாக் வாங்கினால் அதோடு பேட்டரிப் பொதியும், முதுகுப்புறத்துக்கு ஒரு புது மூடியும் வரும். பழைய மூடியைக் கழற்றி, ஏஏ பேட்டரிகளுக்குப் பதிலாகப் பொதியைப் போட்டு, உலோகப் புள்ளிகள் உள்ள புது மூடியால் மூட வேண்டும். சார்ஜ் நேராக அந்தப் பொதிக்கே போகிறது. கன்ட்ரோலரின் சில்லு குறுக்கே வருவதில்லை. எங்கே நிறுத்துவது என்பதைப் பொதியும் டாக்குமே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், பெயர் தெரியாத மலிவுச் சரக்கை எக்ஸ்பாக்ஸுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பிளேஸ்டேஷனில் டாக் சுமாராக இருந்தாலும் உள்ளிருக்கும் சில்லு காத்துக்கொள்ளும். இங்கே அந்தக் காவல் இல்லை. ஒரு டாக்கின் பொதியை இன்னொரு நிறுவனத்தின் டாக்கில் வைக்கவும் கூடாது. 2019-இல் வந்த எலீட் சீரிஸ் 2 கன்ட்ரோலர் மட்டும் விதிவிலக்கு. அதில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, தனக்கென்று ஒரு டாக்கோடும் வருகிறது.

டாக் வேண்டாம் என்று நினைக்கும் எக்ஸ்பாக்ஸ் வீட்டுக்கு இன்னும் எளிய வழி, நல்ல நிக்கல் வகை ரீசார்ஜ் ஏஏ பேட்டரி நான்கும் சுவரில் செருகும் சார்ஜர் ஒன்றும். இரண்டு உள்ளே, இரண்டு சார்ஜரில். மாற்றுவதற்கு அரை நிமிடம் ஆகாது.

நின்டென்டோவில் சொல்ல அதிகம் இல்லை. ஜாய்-கான்களைக் கருவியோடு இணைத்து, கருவியை அதன் டாக்கில் வைத்தாலே ஏறிவிடும். முழுவதும் ஏற மூன்றரை மணி நேரம். இரண்டாவது ஜோடி வாங்கியவர்களுக்கே தனி டாக் தேவைப்படும். பெட்டியோடு வரும் கைப்பிடி சார்ஜ் செய்யாது என்பதையும், சார்ஜ் செய்யும் கைப்பிடி தனியாக விற்கப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2025 ஜூன் மாதம் வந்த சுவிட்ச் 2-இன் ஜாய்-கான்கள் காந்தத்தால் ஒட்டுபவை. பழைய ஜாய்-கானின் பக்கவாட்டுத் தண்டவாளத்துக்குச் செய்த டாக்குகள் அவற்றுக்குப் பொருந்தாது. சிம் லிம் ஸ்குவேர், முஸ்தஃபா போன்ற கடைகளில் வாங்கும் முன், பெட்டியின் மேல் எந்தத் தலைமுறைக்கு என்று எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலும் நம் ஊர் பிளக்கும்

சிங்கப்பூரின் மின்சாரம் 230 வோல்ட். பிளக் மூன்று முனை கொண்டது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் டாக்குகள் சில இரண்டு முனை அடாப்டருடன் வருகின்றன. அதற்கு ஒரு மாற்றுச் செருகியைத் தேடி அலைவதைவிட, அந்த அடாப்டரை ஒதுக்கிவிட்டு உள்ளூரில் பாதுகாப்பு முத்திரை பெற்ற அடாப்டரைப் பயன்படுத்துவதே மேல். இங்கே அடாப்டர்கள் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். சோதனை செய்யப்பட்டு, பதிவு செய்யப்பட்ட பிறகே விற்கப்பட வேண்டும். முத்திரையில் சதுரத்துக்குள் ஒரு சின்னமும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். டாக்குக்குக் கொடுக்கும் காசில் பாதியை அடாப்டருக்குக் கொடுக்க நேர்ந்தாலும் தயங்க வேண்டாம். சுவரின் 230 வோல்ட்டுக்கும் பிள்ளையின் கைக்கும் இடையில் நிற்பது அதுதான்.

அடுத்தது வெப்பம். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரின் கையேடு, 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான இடத்தில் சார்ஜ் செய்யச் சொல்கிறது. நம் ஊரில் மதிய வெப்பம் சாதாரணமாகவே 31, 32-ஐத் தொடுகிறது. மாலை வெயில் நேராக விழும் மேற்குப் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில், மூடிய டிவி அலமாரிக்குள், ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் வெப்பக் காற்று வெளியேறும் பின்பக்கத்தில் டாக்கை வைத்தால் எவ்வளவு இருக்கும்? லித்தியம் பேட்டரியை முதுமையடையச் செய்வதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முழுமையாக நிறைந்த நிலையில் வெப்பத்தில் இருப்பது இன்னும் கெடுதல். திறந்த மேசையின் மேல், காற்றோட்டத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மெத்தை, சோபா, குவித்து வைத்த துணி ஆகியவற்றின் மேல் வேண்டவே வேண்டாம். மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள் பேட்டரிகளைக் கவனிப்பின்றி இரவெல்லாம் சார்ஜில் விடாதீர்கள் என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து சொல்லி வருகிறது. கன்ட்ரோலர் பேட்டரி அவற்றோடு ஒப்பிட மிகச் சிறியதுதான். ஆனாலும் இரவு உணவுக்கு முன் வைத்துப் படுக்கப் போகும்போது சுவிட்சை அணைக்க முடிந்தால், அதுவே என் விருப்பம். மூன்று மணி நேரம் அதற்குள் ஓடிவிடும்.

வீட்டுப் பெரியவர்கள் சிலர், “முழுக்க இறங்கின பிறகு சார்ஜ் போடு, இல்லையென்றால் பேட்டரி கெட்டுவிடும்” என்பார்கள். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு அது பொருந்திய அறிவுரை. லித்தியத்துக்கு நேர் எதிர்: பாதியில் வைத்து எடுப்பதே அதற்கு நல்லது. விளையாடி முடித்ததும் டாக்கில் வைக்கும் பழக்கம் எந்தக் கெடுதலும் செய்யாது. டிசம்பர் விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும், பாதி சார்ஜில் எடுத்துத் தனியே வைத்துவிட்டுப் போங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடக்கும் பழைய கன்ட்ரோலரையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சார்ஜ் செய்ய வேண்டும். அடியோடு வறண்டுபோன பேட்டரி திரும்ப எழாமலே போகலாம்.

மின்கட்டணம் பற்றிக் கவலையே வேண்டாம். வீணாவதையும் சேர்த்து ஒரு முறை நிரப்ப 8 வாட் மணி என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட் மணியில் 125 முறை நிரப்பலாம். அதன் விலை 30 காசுக்கு அக்கம்பக்கம்.

அப்படியானால் எல்லோரும் டாக் வாங்க வேண்டுமா? ஒரே கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்கு வேண்டாம் என்பேன். நல்ல கம்பி ஒன்று போதும். பிளேஸ்டேஷன் 5 ஓய்வு நிலையில் இருக்கும்போதே கம்பி வழியாக கன்ட்ரோலரை சார்ஜ் செய்யும்; அமைப்புகளில் யுஎஸ்பி துளைக்கு மின்சாரம் தரும் தெரிவு அணைக்கப்படாமல் இருந்தால் சரி. இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால், அதிலும் அடிக்கடி விருந்தாளிகள் வரும் வீடாக இருந்தால், டாக் தன் விலைக்கு உழைக்கும். பிளேஸ்டேஷன் 4 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. அதன் மைக்ரோ யுஎஸ்பி துளை, பிள்ளைகள் அவசரமாகச் செருகிப் பிடுங்குவதால் தளர்ந்துபோகும். சோனியின் டாக் அந்தத் துளையைத் தொடாமல் அடியில் இருக்கும் வேறொரு இணைப்பு வழியாக சார்ஜ் செய்கிறது.

பொதி வகை டாக் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது மூடியைத் திறந்து பாருங்கள். பொதி உப்பியிருந்தால் மூடி சரியாகப் பூட்டாது, லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அழுத்தி மூட முயலாதீர்கள், மறுபடி டாக்கில் வைக்காதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத, தீப்பற்றும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, வாங்கிய கடையைக் கேளுங்கள். உப்பாமல் வெறுமனே ஓய்ந்துபோன ஏஏ பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி, 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தின்கீழ் கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் வைத்திருக்கும் தொட்டிகளில் பேட்டரிக்கு உரிய வாயில் போடலாம். எந்தத் தொட்டி எதை ஏற்கும் என்பது அதன் மேலேயே படத்துடன் போட்டிருக்கும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையப்பக்கத்திலும் பட்டியல் இருக்கிறது.